சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு எந்த சிஆர்எம்? எக்செல்லிலிருந்து மாற வேண்டும்

கணித்திண்ணை (கேள்வி):

வணக்கம். மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று மென்பொருள் விற்கும் சிறிய நிறுவனம். ஒன்பது பேர்: விற்பனைக்கு மூன்று, சப்போர்ட்டுக்கு இரண்டு, மற்றவர்கள் டெவலப்பர்கள். பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் 400 நிறுவனங்கள். ட்ரையல் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்கள் 3,000 சொச்சம். இத்தனையும் ஒரே எக்செல் கோப்பில் இருக்கின்றன. யார் கடைசியாக யாரிடம் பேசினார்கள் என்பது மெயிலைத் துழாவினால்தான் தெரிகிறது. சந்தா முடியும் தேதி நழுவிவிடுகிறது. ஒரே நிறுவனத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

வாடிக்கையாளர் விவரங்களையும் அவர்களோடு நடந்த பேச்சையும் ஓரிடத்தில் வைக்கும் சிஆர்எம் மென்பொருள் ஒன்று வேண்டும். ஹப்ஸ்பாட், ஜோஹோ சிஆர்எம், பைப்டிரைவ் மூன்றையும் மேலோட்டமாகப் பார்த்தாயிற்று. எங்கள் சர்வரிலேயே ஸ்வீட்சிஆர்எம் அல்லது எஸ்போசிஆர்எம் நிறுவலாமா என்றும் யோசனை. டெவலப்பர்கள்தான் இருக்கிறார்களே, நாமே எழுதிவிடலாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. வசதிப் பட்டியலை ஒப்பிட்டால் எல்லாமே எல்லாம் செய்யும் என்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

---

நிரல்வாசி:

வசதிப் பட்டியலை ஓரமாக வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர் இன்று எந்தத் திட்டத்தில் இருக்கிறார், எத்தனை யூசர் வாங்கியிருக்கிறார், சந்தா எந்தத் தேதியில் முடிகிறது? இந்த மூன்றுக்கும் கடைசி வார்த்தை எங்கே இருக்கிறது?

மென்பொருள் விற்பவர்களுக்கு அது ப்ராடக்ட் டேட்டாபேஸிலோ பில்லிங்கிலோ இருக்கும். அங்கேதான் இருக்க வேண்டும். சிஆர்எம்முக்கு வருவது அதன் நகல் மட்டும், அதுவும் விற்பனை ஆட்கள் கையால் திருத்த முடியாதபடி பூட்டிய ஃபீல்டாக. இதைத் தெளிவாக்காமல் எந்த சிஆர்எம் வாங்கினாலும் ஆறு மாதத்தில் இரண்டு இடத்தில் இரண்டு தேதி இருக்கும், எது சரி என்று யாருக்கும் தெரியாது. எக்செல்லில் இப்போது நடப்பதும் அதுதான்.

ஆகவே முதல் சோதனை இது: நீங்கள் வாங்கக்கூடிய திட்டத்தில் சொந்த ஃபீல்டுகள் எத்தனை வைக்கலாம், அவற்றைப் படிக்க மட்டும் என்று பூட்ட முடியுமா, உங்கள் டேட்டாபேஸின் வாடிக்கையாளர் எண்ணை வைத்தே ஏபிஐ (நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி) வழியாகப் பதிவைத் தேடிப் புதுப்பிக்க முடியுமா. மூன்றில் ஒன்று விலை கூடிய திட்டத்தில்தான் கிடைக்கிறது என்றால் அந்த விலையையே உண்மையான விலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இரண்டு பேர் ஒரே நிறுவனத்தைக் கூப்பிடும் சிக்கல். சிஆர்எம் வாங்கினால் இது தானாகத் தீரும் என்று நினைக்காதீர்கள், கூடவும் செய்யலாம். சேல்ஸ்ஃபோர்ஸ் (இன்னொரு சிஆர்எம்), ஜோஹோ, ஸ்வீட்சிஆர்எம், எஸ்போ எல்லாவற்றிலும் லீட், அதாவது வாங்கக்கூடும் என்று புதிதாக வந்தவர், தனி அட்டவணை. தகுதியானது என்று தெரிந்த பிறகுதான் அதை நிறுவனம், நபர், டீல் (ஒரு விற்பனை வாய்ப்பு) என்று மாற்றுவோம். ஏற்கெனவே பணம் கட்டும் ஒரு நிறுவனத்தின் இன்னொரு ஊழியர் ட்ரையலுக்குப் பதிவு செய்தால் அவர் புது லீட்டாகத்தான் விழுவார். நிறுவனப் பதிவைத் திறந்தால் அவர் தெரிய மாட்டார். லீட்டைப் பார்ப்பவருக்கு இது பழைய வாடிக்கையாளர் என்று தெரியாது. இருவர் கூப்பிடுவது இங்கேதான் தொடங்குகிறது.

தீர்வு கடினமில்லை. ட்ரையல் பதிவு வரும்போதே மெயில் முகவரியைச் சிறிய எழுத்தாக்கி, டொமைனைப் பிரித்து, நிறுவன அட்டவணையில் தேடுங்கள். இருந்தால் லீட் உருவாக்காமல் அந்த நிறுவனத்தின் கீழ் புது நபராகச் சேர்த்து, அதன் பொறுப்பாளருக்கு ஒரு டாஸ்க் போடுங்கள். ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் போன்ற பொது டொமைன்களுக்கு விலக்குப் பட்டியல் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத நூறு பேர் ஒரே நிறுவனத்தின் கீழ் போய் உட்காருவார்கள். ஹப்ஸ்பாட்டில் டொமைனை வைத்து நபரை நிறுவனத்தோடு தானாக இணைக்கும் அமைப்பு உண்டு. பல துணை நிறுவனங்கள் ஒரே டொமைனைப் பகிரும் இடங்களில் அது தவறாக ஒட்டும். அத்தகைய வாடிக்கையாளர்களைக் கையால் பார்த்துவிடுங்கள்.

ரெனியூவலுக்கு, அதாவது சந்தா புதுப்பிப்புக்கு, தனி பைப்லைன் (டீல் கடந்துபோகும் கட்டங்களின் வரிசை) வையுங்கள். புது விற்பனைக்கான டெமோ, விலைப்புள்ளி என்ற கட்டங்கள் ரெனியூவலுக்குப் பொருந்தாது. இரண்டையும் கலந்தால் கணக்கும் பொய்யாகும்: ரெனியூவல்கள் பெரும்பாலும் வெற்றியில் முடிவதால், புது விற்பனை படுத்துக் கிடந்தாலும் வெற்றி விகிதம் அழகாகத் தெரியும். ஆண்டுச் சந்தா முடிய 90 நாள் இருக்கும்போது ரெனியூவல் டீல் தானாக உருவாகட்டும். மாதச் சந்தாவுக்கு டீலே வேண்டாம். பணம் தவறினால் ஒரு டாஸ்க் போதும்.

கட்டங்களுக்குப் பெயர் வைக்கும்போது ஒரு கட்டுப்பாடு: வாடிக்கையாளர் என்ன செய்தார் என்பதுதான் கட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். ‘விலைப்புள்ளி அனுப்பினோம்’ என்பது நம் வேலை, அதனால் டீல் நகர்ந்ததாகாது. ‘விலையைப் பார்த்துவிட்டு, ஒப்புதல் தருபவர் யார் என்று சொன்னார்’ என்பது நகர்வு. ஐந்தாறு கட்டம் தாராளம். டீல் தோற்றால் காரணம் தேர்ந்தெடுத்த பிறகுதான் மூட முடிய வேண்டும். அந்தப் பட்டியலில் ‘மற்றவை’ வைக்காதீர்கள், எல்லோரும் அதையே அழுத்துவார்கள்.

---

வழங்கிக்காவல்:

நாமே எழுதலாமா, நம் சர்வரில் நிறுவலாமா என்ற இரண்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

நாமே எழுதுவது வேண்டாம். அட்டவணையும் படிவமும் ஒரு வாரத்தில் வந்துவிடும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். நேரத்தைத் தின்பது மெயில். ஒரு பதில் எந்த உரையாடலைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க மெயில் தலைப்பகுதியில் உள்ள மெசேஜ்-ஐடி, இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் மூன்றையும் கோத்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் பழைய மெயிலுக்கே பதில் போட்டு புது விஷயம் எழுதுவார். நம் ஆட்கள் இருவர் நகலில் இருந்தால் ஒரே மெயில் இரண்டு பெட்டியிலிருந்து இரண்டு முறை வரும். ஒவ்வொருவரின் ஓஆத் டோக்கனும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தரப்படும் அனுமதிச் சாவி) காலாவதியாவதைக் கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதல் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் வெறும் பாஸ்வேர்டு வைத்து உள்நுழையும் பழைய முறையை நிறுத்தத் தொடங்கியது. பாஸ்வேர்டை நம்பி ஐமேப் (மெயில் பெட்டியைப் படிக்கும் முறை) வழியாக மெயில் எடுத்த நிரல்களை எல்லாம் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இப்படி வெளியே யாரோ எடுக்கும் முடிவுக்கு உங்கள் டெவலப்பர் உங்கள் ப்ராடக்ட்டை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குவது. பொத்தான் ஒன்றுதான். ஆனால் அதன் பின்னால் நபர்கள், டீல்கள், குறிப்புகள், இணைப்புக் கோப்புகள் அத்தனையும் புது எண்ணுக்கு மாற வேண்டும். பில்லிங்கில் இருக்கும் பழைய எண் வழியே வந்தாலும் சரியான பதிவு கிடைக்க வேண்டும்.

சொந்த சர்வர் வேறு கதை, அது முடியாத காரியமில்லை. ஸ்வீட்சிஆர்எம், 2013இல் சுகர்சிஆர்எம்மின் இலவசப் பதிப்பிலிருந்து பிரிந்து வந்தது. மூல நிறுவனம் பின்னர் அந்த இலவசப் பதிப்பையே கைவிட்டது. நிரல் திறந்திருந்ததால்தான் பிரிந்தவர்கள் தொடர முடிந்தது. ஓப்பன் சோர்ஸின் பலம் அது. ஸ்வீட், எஸ்போ இரண்டும் பிஹெச்பியில் எழுதியவை, மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி டேட்டாபேஸ் மேல் ஓடுகின்றன.

நிறுவினால் இவற்றில் தவறக் கூடாது. க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் சர்வர் நிரல்) நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். அது நின்றுபோனால் மெயில் எடுப்பது, நினைவூட்டல், ஒர்க்ஃப்ளோ எல்லாம் நின்றுவிடும், ஆனால் திரை வழக்கம்போலத் திறக்கும். யாருக்கும் தெரியாமல் நாட்கள் ஓடும். அதனால் க்ரான் கடைசியாக ஓடிய நேரத்தைத் தனியாகக் கண்காணியுங்கள்.

பேக்கப்பில் டேட்டாபேஸ் மட்டும் போதாது. இணைப்புக் கோப்புகள் அப்லோட் அடைவில் இருக்கும், அமைப்புகளும் உங்கள் மாற்றங்களும் வேறு அடைவில் இருக்கும். டேட்டாபேஸ் டம்ப்பை (முழு நகலை) சிங்கிள்-டிரான்சாக்ஷன் விருப்பத்தோடு எடுங்கள். அது இல்லாமல் எடுத்தால் அட்டவணைகள் பூட்டப்பட்டு வேலை நிற்கும், அல்லது ஒரு அட்டவணை பழைய நிலையிலும் இன்னொன்று புது நிலையிலும் பதிவாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு இயந்திரத்தில் மீட்டெடுத்து, உள்நுழைந்து, ஒரு இணைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

எழுத்துக் குறியீட்டில் நம்மைப் போன்றவர்களுக்கே உரிய ஒரு பொறி உண்டு. மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் சரியாக 3 பைட். ஆகவே தமிழ்ப் பெயர்களைப் போட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு ஒரு வாடிக்கையாளர் மெயிலில் எமோஜி வைப்பார், அது 4 பைட், பதிவு விழாது. தொடக்கத்திலேயே ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று அமைத்துவிடுங்கள்.

மாற்றங்களை மூலக் கோப்பில் செய்யாமல் அதற்கென்று உள்ள கஸ்டம் அடைவில் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். இத்தனைக்கும் மாதம் ஒரு நாளாவது ஒருவர் ஒதுக்க வேண்டும். தரவு நம் கையில்தான் இருக்க வேண்டும் என்று ஏதாவது ஒப்பந்தம் கட்டாயப்படுத்தினாலன்றி, ஒன்பது பேர் இருக்கும் இடத்துக்கு வாடகை சேவைதான் என் பரிந்துரை.

---

தரவுத்தறி:

எதை வாங்கினாலும் எக்செல்லேர்ந்து ஏத்துற இடத்துலதான் அடி விழும். அதை மட்டும் சொல்றேன்.

ஏத்துற வரிசை மாறக்கூடாது: நிறுவனம், அப்புறம் நபர், அப்புறம் டீல், கடைசியா குறிப்புகள். ஒவ்வொண்ணுலயும் ‘பழைய எண்’னு ஒரு ஃபீல்டு வச்சுக்கோங்க. ஏதாவது தப்பாப் போனா அதை வச்சுத்தான் திரும்ப ஏத்த முடியும்.

எக்செல்ல சிஎஸ்வியை (காற்புள்ளி வச்சுப் பிரிச்ச வெறும் எழுத்துக் கோப்பு) திறந்து அப்படியே சேமிக்காதீங்க. போன் நம்பர் முன்னாடி இருக்கிற 0 போயிடும். நீளமான எண்ணுல 15 இலக்கத்துக்கு மேல இருக்கிறதை 0 ஆக்கிடும். அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’னு குறிச்சு இம்போர்ட் பண்ணுங்க. போன் எல்லாத்தையும் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண்ணுன்னு இடைவெளி இல்லாம ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாங்க, சர்வதேச இ.164 முறையில அதிகபட்சம் 15 இலக்கம். தேதியை 2025-04-03 மாதிரி ஆண்டு முதல்ல வர்ற வடிவத்துல வையுங்க. 03/04ன்னு இருந்தா மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆன்னு சிஆர்எம் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கும், 12ஆம் தேதிக்கு மேல வர்ற வரிகள்ல மட்டும்தான் பிழை காட்டும். மீதி எல்லாம் அமைதியா தப்பா ஏறியிருக்கும்.

தமிழ் புரியாத குப்பை எழுத்தாத் தெரிஞ்சா தரவு கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க. கோப்பு யூடிஎஃப்-8லதான் இருக்கும். பிஓஎம் (இது யூடிஎஃப்-8னு கோப்போட தொடக்கத்துல சொல்ற அடையாளம்) இல்லாததால எக்செல் அதைத் தப்பா வாசிக்குது. அந்த நிலையில சேமிச்சாத்தான் நெசமாவே கெடும்.

ஏத்துறதுக்கு முன்னாடி எல்லா ஆட்டோமேஷனையும் நிறுத்துங்க. ‘புது நபர் சேர்ந்தா வரவேற்பு மெயில்’னு ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்தா 3,000 பழைய ஆட்களுக்கும் வரவேற்பு போயிடும். திரும்ப வாங்க வழியே இல்லை.

‘உருவாக்கிய தேதி’யை நாம கொடுக்க முடியுமான்னு பாருங்க. பல இடத்துல முடியாது, எல்லாமே இன்னிக்கு உருவான மாதிரி ஏறும். சேல்ஸ்ஃபோர்ஸ்ல அதுக்குத் தனி அனுமதியை முன்கூட்டியே இயக்கணும். முடியலைன்னா ‘முதல் தொடர்பு தேதி’னு சொந்த ஃபீல்டு வச்சு அதுல போட்டுடுங்க.

சேல்ஸ்ஃபோர்ஸ் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன்: அதோட பதிவு எண் 15 எழுத்து வடிவத்துல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியம். எக்செல் விலுக்கப் (தேடிப் பொருத்துற சூத்திரம்) அந்த வித்தியாசத்தைப் பாக்காது. ஒருத்தர் குறிப்பு இன்னொருத்தர் மேல போய் ஒட்டிக்கும். 18 எழுத்து வடிவத்தை மட்டும் பயன்படுத்துங்க.

முதல்ல 20 வரி மட்டும் ஏத்தி, ஒவ்வொண்ணாத் திறந்து பாத்துட்டு அப்புறம் மீதியைத் தொடுங்க.

---

கணித்திண்ணை:

மூவருக்கும் மிக்க நன்றி. லீட் தனி அட்டவணையாக இருப்பதுதான் இரட்டை அழைப்புக்குக் காரணமாகும் என்பது யோசிக்காத ஒன்று. வாடகை சேவை என்று முடிவாகிவிட்டது, இரண்டைச் சோதிக்கப்போகிறோம். மூன்று ஐயங்கள். 14 நாள் ட்ரையலில் எதைச் சோதிப்பது? சப்போர்ட் ஆட்கள் இருவருக்கும் சீட் (ஓர் ஆள் பயன்படுத்துவதற்கான உரிமம்) வாங்க வேண்டுமா? பில்லிங்கிலிருந்து தரவு கொண்டுவரும் இணைப்பை எப்படி எழுதுவது?

---

நிரல்வாசி:

ட்ரையலுக்கு 25 நிறுவனங்கள் போதும், ஆனால் சிக்கலானவற்றைப் பொறுக்குங்கள். தாய் நிறுவனம் ஒன்று, பயன்படுத்தும் கிளைகள் இரண்டு என்று இருக்கும் ஒன்று. மறுவிற்பனையாளர் வழியாக வாங்கிய ஒன்று (பணம் கட்டுபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர்). வேலை மாறி இன்னொரு வாடிக்கையாளரிடமே சேர்ந்துவிட்ட ஒரு நபர். சந்தாவை நிறுத்தி ஓராண்டு கழித்துத் திரும்பி வந்த ஒன்று. இவை நான்கும் வளைக்காமல் பொருந்தினால் மற்றவை பொருந்தும்.

சோதிப்பவர் டெவலப்பராக இருக்கக் கூடாது, விற்பனை ஆட்களே செய்யட்டும். ஒரு போன் பேசி முடித்ததும் குறிப்பு எழுதி அடுத்த தேதி போட எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினால் நெருக்கடியான நாளில் யாரும் எழுத மாட்டார்கள். எழுதாத சிஆர்எம் எக்செல்லைவிட மோசம், ஏனென்றால் அதை நம்பி முடிவெடுப்பீர்கள். கைபேசி செயலியிலும் இதையே செய்து பாருங்கள்.

சப்போர்ட்டுக்கு சீட் வேண்டாம். அவர்கள் ஹெல்ப்டெஸ்க்கிலேயே இருக்கட்டும். நிறுவனப் பதிவில் ‘திறந்திருக்கும் டிக்கெட்’ என்று ஓர் எண்ணும் ஹெல்ப்டெஸ்க்குக்கு ஒரு சுட்டியும் தெரிந்தால் போதும். ரெனியூவலுக்குக் கூப்பிடும் முன் விற்பனையாளர் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

பில்லிங் இணைப்பு ஒருவழிதான்: பில்லிங்கிலிருந்து சிஆர்எம்முக்கு. இருவழி வைத்தால் ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டே சுற்றும். வெப்ஹூக் (ஏதாவது மாறியதும் பில்லிங் தானாக அனுப்பும் தகவல்) வரும்போது அதே நிகழ்வு இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். அதனால் நிகழ்வு எண்ணைச் சேமித்து, ஏற்கெனவே பார்த்ததென்றால் விட்டுவிடுங்கள். நிகழ்வில் வந்த மதிப்பை நேராக எழுதாமல், அந்த வாடிக்கையாளரின் தற்போதைய நிலையைப் பில்லிங்கில் மறுபடி கேட்டு அதை எழுதுங்கள். வரிசை மாறினாலும் பாதிக்காது. வெப்ஹூக்குக்கு உடனே ‘பெற்றேன்’ என்று பதில் கொடுத்துவிட்டு, வேலையை வரிசையில் போட்டுச் செய்யுங்கள். சிஆர்எம் 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்) என்று திருப்பினால் அது சொல்லும் நேரம் காத்திருந்து மீண்டும் முயலுங்கள், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

இவ்வளவு செய்தாலும் சில நிகழ்வுகள் தவறும். ஆகவே இரவு ஒருமுறை 400 நிறுவனங்களையும் ஒப்பிட்டு, வேறுபட்டவற்றைத் திருத்தி, எத்தனை திருத்தியது என்று உங்களுக்கு மெயில் அனுப்பும் ஒரு நிரல் ஓடட்டும். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் வெப்ஹூக் எங்கோ உடைந்திருக்கிறது.

---

பட்டறை:

விலை பற்றி யாரும் சொல்லவில்லை. மூன்றாண்டுக் கணக்காகப் போடுங்கள். முதல் ஆண்டுச் சலுகை முடிந்தபின் என்ன விலை, குறைந்தபட்ச சீட் எத்தனை, ஆண்டின் நடுவில் ஒரு சீட்டைக் குறைக்க முடியுமா, விலை ஆளுக்கா அல்லது சேமித்த நபர்களின் எண்ணிக்கைக்கா. கடைசிக் கேள்வி உங்களுக்கு முக்கியம்: ட்ரையல் எடுத்துப் போன 3,000 பேரும் நபர்களாகக் கணக்கில் வந்தால் வாங்காதவர்களுக்கு நீங்கள் வாடகை கட்டுவீர்கள். இரண்டாண்டாகத் தொடர்பே இல்லாதவர்களை ஏற்றாமல் விடுவது நல்லது.

வெளியேறும் வழியை நுழையும் முன்பே பாருங்கள். ட்ரையலிலேயே முழு எக்ஸ்போர்ட் எடுங்கள். நிறுவனம், நபர், டீல் சிஎஸ்வியாக வந்துவிடும். மெயிலின் உள்ளடக்கம், அழைப்புக் குறிப்புகள், இணைப்புக் கோப்புகள், எந்த டீல் எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் இருந்தது என்ற வரலாறு வருகிறதா என்று திறந்து பாருங்கள். பெரும்பாலும் விடுபடுவது இவைதான். ஏபிஐ வழியாகவாவது எடுக்க முடிய வேண்டும்.

அந்த 3,000 பேருக்கு சிஆர்எம்மிலிருந்து மொத்த மெயில் போடும் எண்ணம் இருந்தால், இன்வாய்ஸ் போகும் முதன்மை டொமைனிலிருந்து போடாதீர்கள். துணை டொமைன் ஒன்றில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் (மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று சரிபார்க்க உதவுபவை) அமைத்து அங்கிருந்து அனுப்புங்கள். பலர் ஸ்பாம் என்று குறித்தால் கெடுவது அந்தத் துணை டொமைனின் பெயரோடு பெரும்பாலும் நிற்கும், இன்வாய்ஸ் மெயில் தப்பும். எஸ்பிஎஃப் பதிவில் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டினால் அந்தப் பதிவே செல்லாது. மெயில் சேவை, ஹெல்ப்டெஸ்க், பில்லிங், சிஆர்எம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது இந்த எல்லை சத்தமில்லாமல் கடந்துவிடும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைக் கேட்கின்றன, ஸ்பாம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது என்கின்றன.

விலகியவர்களின் பட்டியலை மட்டும் எந்நாளும் அழிக்காதீர்கள். தரவை நீக்கச் சொல்பவரின் பெயர், போன், குறிப்பு எல்லாம் போகட்டும். ‘இந்த முகவரிக்கு அனுப்பாதே’ என்பதற்குத் தேவையான அளவு மட்டும் தனிப் பட்டியலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் யாராவது பழைய எக்செல்லை மறுபடி ஏற்றும் நாளில் அவர் உயிர்த்தெழுந்து உங்கள் மெயிலைப் பெறுவார்.

பழைய எக்செல் என்றதும் இதுவும்: மாறும் நாளன்று அந்தக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, பெயரில் தேதியைச் சேர்த்து வேறிடத்துக்கு நகர்த்துங்கள். இரண்டையும் சில வாரம் சேர்த்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திறந்திருக்கும்வரை அதில்தான் எழுதுவார்கள்.